நிறுத்த மட்டும் சொல்லித் தரவில்லை

சனிக்கிழமை காலை, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு வாசலில், பழைய மோட்டார் சைக்கிளைக் குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன சரக்கு வண்டியில் ஏற்றும்போது என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் ஏறிவிட்டது. அவர்தான் நிமிரவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். சரக்கு வண்டி ஓட்டுநர் சிறிது நேரம் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சார் எதையாச்சும் தொலைச்சிட்டாராம்மா?"

"இடுப்பத் தொலைச்சிட்டேன்," என்றார் என் கணவர், தரையைப் பார்த்தே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் பழைய வாகனங்களின் கண்காட்சி. வண்டிகளை முதல் நாளே கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நாளுக்காக அவர் மூன்று வருடம் உழைத்திருந்தார். நானும் மூன்று வருடம் அவருடைய கைலியில் ஏறிய கிரீஸ் கறையோடு போராடியிருந்தேன். ஆகையால் அந்த இடுப்பு பிடித்தது எங்கள் இருவருக்குமே பெரிய அடி.

வண்டி எங்களிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். எண்பதைத் தாண்டியும் தினம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் ரொட்டி வாங்கப் போவார். தெருவில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. என் கணவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடியதிலிருந்து வீடு வீடாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறார். அப்படித்தான் முசே வீட்டு மோட்டாரைப் பார்க்கப் போனார். கொல்லையில், கொய்யா மரத்தடியில், பாதி மண்ணில் புதைந்து ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. பிரான்சில் செய்து கப்பலில் வந்து இறங்கியது. அதன் சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அன்று முசே வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று கோணிப்பைகளில் வண்டி வந்தது.

முசே போட்டது ஒரே நிபந்தனை. "ஓட ஆரம்பிச்சா எனக்குக் காட்டணும். அவ்ளோதான்."

என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வீட்டை ஒட்டிய சந்தில், தகரக் கூரைக்குக் கீழே மூன்று வருடம் அந்த வண்டி உருவானது. சாயங்காலமானால் முசே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். தான் அந்த வண்டியில் பறந்த கதைகளைச் சொல்வார். விழுப்புரத்துக்கு அரை மணி. கடலூர்ப் பாலத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு சிகரெட் பற்றவைத்தது. என் கணவர் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி வாய் திறந்து கேட்பார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டு கேட்பேன். முசே சொன்னதை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்த வண்டி ஒரு நாளும் தரையில் ஓடியதாகத் தெரியவில்லை.

கடைசியில் வண்டி வெளியே வந்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. கறுப்பு உடம்பு, டாங்கின் இருபுறமும் மெல்லிய தங்கக் கோடு, கண்ணாடி மாதிரி விளக்கு. ஆனால் சின்னது. என் கணவர் "வண்டி, வண்டி" என்று பேசியதைக் கேட்டுப் பழகியவர்கள் யானை அளவுக்கு எதிர்பார்த்து வந்து, "இதானா?" என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மருத்துவர் ஊசி போட்டு, ஒரு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, எதையும் உதைக்கக் கூடாது என்றார். கடைசியை நான்தான் கேட்டு வாங்கினேன். கண்காட்சியில் ஒவ்வொரு வண்டியையும் நடுவர் முன்னால் உதைத்துக் கிளப்பி, ஆரம்ப வளைவிலிருந்து கொடி வரைக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வெறும் காட்சிப் பொருள், பரிசுக் கணக்கில் வராது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீதான் ஓட்டணும்."

"ஏங்க, வெளையாடறீங்களா?"

"டெய்லி காலாப்பட்டு வரைக்கும் ஸ்கூட்டர்ல போற இல்ல?"

போகிறேன்தான். காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் அலுவலக வேலை. இருபது வருடமாக அந்த ஈ.சி.ஆரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போய் வருகிறேன். ஆனால் என் ஸ்கூட்டர் பொத்தானை அழுத்தினால் கிளம்பும், கையைப் பிடித்தால் நிற்கும். அதற்குமேல் என்னிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை.

"முசேவக் கேளுங்களேன். அவர் வண்டிதான? கைய விட்டுட்டு ஓட்னவராச்சே."

"எண்பது வயசு மனுசன் உதைச்சு அவருக்கும் இடுப்பு போச்சுன்னா?"

ஆக, இடுப்பு போனால் பரவாயில்லை என்ற பட்டியலில் வீட்டில் மீதி இருந்தது நான் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கடற்கரைச் சாலையில் இருந்தோம். புரட்டாசி வெயில் அப்போதே சுள்ளென்றது. பழைய வண்டிக்குப் பொருத்தமாகப் பழைய காலத்து உடை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள் என்பதால் நான் சுங்குடிப் புடவை கட்டி, வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன். என் கணவரை ஆட்டோவில் கொண்டுவந்து ஒரு மடக்கு நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். என் கைப்பையை அவர் மடியில் வைத்தேன். முசே தலையில் பெரே என்ற ராணுவ வட்டத் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சட்டையில் பதக்கங்களோடு வந்திருந்தார். வண்டியை விட அவரைத்தான் அதிகம் பேர் படம் எடுத்தார்கள்.

நாற்காலியிலிருந்தே பாடம் ஆரம்பமானது.

"இடது கையில கிளட்ச். நல்லாப் பிடி. வலது காலால கீழ ஒரு மிதி. அது ஒண்ணாம் கியர். கிளட்ச மெதுவா விடு, ஆக்சிலேட்டரக் கொஞ்சமாக் குடு."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

"தூங்கற கொழந்தையத் தொட்டில்ல போடற மாதிரி."

இப்படி நான்கு முறை வண்டியைக் கிளப்பாமலே செய்து பார்த்தேன். ஐந்தாவது முறை ஒலிபெருக்கி எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டது.

"நிறுத்தறது?" என்றேன்.

"அத நடுவர் பாத்துட்டுப் போனப்பறம் சொல்றேன், மொதல்ல அவர் கேக்கறதுக்கு பதில் சொல்லு," என்றார் என் கணவர்.

அதற்கு முன் ஒரு மணி நேரம் பொதுமக்களுக்குப் பதில் சொல்லியிருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்ளோ குடுக்கும்?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். ஒருவர் வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்து, இதே வண்டி தன் சித்தப்பாவிடம் இருந்தது என்றார். அரை மணி கழித்து, பக்கத்தில் நின்ற பழைய ஸ்கூட்டரைக் காட்டியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடி, என்னைக் கேட்காமலே வந்து நின்றது. மணப்பெண்ணின் பாவாடை வண்டியை முழுவதுமாக மூடிவிட்டது. படக்காரர் என் கணவரைப் பார்த்து, "அங்கிள், கொஞ்சம் நகருங்க," என்றார். நகர முடிந்திருந்தால் அவர் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறார்?

நடுவர் சென்னையிலிருந்து வந்தவர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கையுறை. மட்கார்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, கையுறையைப் பார்த்தார். சுத்தம். முகத்தில் லேசான ஏமாற்றம்.

"ரெஸ்டோர் பண்ணது யாரு?"

"அவர்," என்று நாற்காலியைக் காட்டினேன். என் கணவர் எழுந்து வணக்கம் சொல்ல முயன்று, பாதியில் நின்று, அந்தப் பாதியையே வணக்கமாக்கினார்.

"ஓட்டறது?"

"நான்."

நடுவர் என் ஷூவைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க மேடம்," என்றார்.

இந்த இடத்தில் நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று நடந்தது. மூன்று வருடமாக அந்தச் சத்தங்களை ஜன்னல் வழியாகக் கேட்டவள் நான். முதலில் பெட்ரோல் குழாய் 'டக்' என்று திரும்பும். பிறகு கார்புரேட்டரில் ஒரு சின்ன முளையை 'க்ளுக், க்ளுக், க்ளுக்' என்று மூன்று தரம் அழுத்துவார். பெட்ரோல் வாசனை சாம்பார் வாசனையை அடித்துக்கொண்டு போகும். பிறகு ஒரு மெதுவான மிதி, இறுகும் வரைக்கும். ஒரு மூச்சு. அப்புறம்தான் முழு உதை. கை தானாகச் செய்தது. முந்தானையை இழுத்துச் சொருகி ஒரே உதை. வண்டி 'பட் பட் பட்' என்று பிடித்துக்கொண்டது.

கூட்டம் கைதட்டியது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷமும் பொறாமையும் சம அளவில் இருந்தன. அந்த வண்டி அவருக்கு ஒரு நாளும் ஒரே உதையில் கிளம்பியதில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச், கீழே ஒரு மிதி, தூங்கும் குழந்தை, தொட்டில். வண்டி நகர்ந்தது. கொடி நெருங்கியது. கொடியைத் தாண்டினேன். அங்கேதான் எனக்கு ஞாபகம் வந்தது, நிறுத்துவதை யாரும் சொல்லித் தரவில்லை என்று.

ஸ்கூட்டர் பழக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். என் ஸ்கூட்டரில் விட்டால் அதுவாகத் திரும்பிவிடும். இந்த வண்டியின் ஆக்சிலேட்டர் வைத்த இடத்திலேயே இருந்துவிடுகிற ஜாதி. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்தேன். இடது கையில் கிளட்ச் என்பதால் எஞ்சின் காளை மாதிரி கத்தியது. வலது கையில் இருந்த பிரேக் பேருக்குத்தான் இருந்தது. சத்தத்துக்குப் பயந்து இரண்டையும் விட்டேன். வண்டி துள்ளிக்கொண்டு மறுபடியும் ஓடியது.

"மேடம், வலது காலு! வலது கால அழுத்துங்க!" என்று ஓரத்தில் நின்ற பத்துப் பேர் கத்தினார்கள். இன்றைய மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் அது சரியான யோசனை. ஆனால் இந்த வண்டியில் வலது காலில் இருந்தது கியர். சொல்பேச்சுக் கேட்டு அழுத்தினேன். இரண்டாம் கியர் விழுந்தது. வேகம் கூடியது.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். திரும்பிப் பார்த்தால் முசே. பதக்கங்கள் குலுங்க, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்பது வயதில் ஓடி வந்தார். "ஃப்ரேன்! மதாம், ஃப்ரேன்! கோஷ்! கோஷ்!" என்று கத்தினார்.

பிரேன் என்று என் காதில் விழுந்தது. மூளை இருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று கோபம் வந்தது. கோபத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் மிகவும் தன்னம்பிக்கையோடு ஓட்டியதாகத் தெரிந்ததாம்.

சாலையின் கடைசியில் இரும்புத் தடுப்பு போட்டு ஒரு போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நிக்க மாட்டேங்குதுங்க!" என்றேன்.

உயர்த்திய கையைச் சட்டென்று இறக்கி, தடுப்பை இழுக்க ஓடினார். அது நகரவில்லை. எனக்கு வேறு வழியில்லை. கையிலும் காலிலும் அழுத்தக்கூடிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். இடது காலுக்குக் கீழே ஏதோ ஒன்று அமுங்கியது. வண்டி ஒரு குலுக்கலில் நின்று, இருமி, அணைந்தது. முன் சக்கரத்துக்கும் போலீஸ்காரரின் பூட்சுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

அவர் மூச்சை விட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கடமை நினைவுக்கு வந்தவராகக் கேட்டார்.

"லைசென்ஸ் இருக்குதா மேடம்?"

"இருக்குதுங்க. வூட்டுக்காரர் மடியில."

முசே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஃப்ரேன் அ கோஷ், மதாம்! பிரேக் இடது பக்கம்! எத்தினி வாட்டி கத்தறது?"

"மூள இல்லன்னு திட்டறீங்கன்னு நெனச்சேன், முசே."

அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போலீஸ்காரரும் சிரித்தார். நான்தான் சிரிக்காமல், இடது பக்கம் பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினேன். மூவருமாகத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். அதற்குள் ஒலிபெருக்கியில் இருந்தவர், வண்டியின் உறுதியைக் காட்டுவதற்காகக் கடற்கரைச் சாலை முழுவதும் ஓட்டிக் காட்டிய வீரப் பெண்மணி என்று அறிவித்துவிட்டார். மக்கள் மனம் கவர்ந்த வண்டி என்று ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சொருகிய முந்தானை அவிழ்ந்து பறக்க, ஹெல்மெட் சற்றே சாய்ந்து, நான். கீழே, 'தன் பழைய மோட்டார் சைக்கிளைச் செப்பனிட்டு ஓட்டி அசத்திய பெண்' என்று எழுதியிருந்தது. என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தின் இடது ஓரத்தில், நாற்காலியின் கையில் ஊன்றிய ஒரு முழங்கை தெரிந்தது.

"என் முழங்க நல்லா விழுந்துருக்குது," என்றார். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. காப்பி வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார். அதுவும் இடுப்பு வலிக்காத அளவுக்கு மட்டும்.

மூன்றாம் நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் இருக்க முடியாத நிலைமை அவருக்கு. ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கூடவே கடல் காற்றின் உப்பு. தை பிறக்கும் வரை வண்டியை வீட்டுக்குள் பத்திரமாக வைத்தாக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே அளந்து பார்த்தேன். வண்டி இரண்டு விரல் கூடுதல் நீளமாக இருந்தது. கூடத்தில் வைத்தால் கதவு திறக்காது. மிச்சம் இருந்தது எங்கள் படுக்கையறை, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே.

"அங்க என் தையல் மெஷின் இருக்குது," என்றேன்.

"அத மாடிப்படிக்குக் கீழ வெச்சிக்கலாம். கரெக்டா பத்தும்," என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்த மனிதர் அளவெடுத்து வைத்திருந்திருக்கிறார்.

வண்டியை நீண்ட நாள் சும்மா நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. சங்கிலியில் எண்ணெய், குரோமில் மெழுகு, சக்கரங்கள் தரையில் படாமல் நடு ஸ்டாண்டு, சைலன்சர் வாயில் எலி புகாமல் துணி. இதையெல்லாம் செய்யப் போவது நான். சொல்லப் போவது அவர். படுக்கையறையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். செய்தி கேட்டு முசேவும் வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வழக்கம்போல அவருக்கு.

முதல் கேள்வியிலேயே சண்டை.

"டாங்க்ல இருக்கற பெட்ரோல முழுசா எறக்கிடு," என்றார் என் கணவர்.

"நோன், நோன்! ரொப்பி வெக்கணும். காலி டாங்க் உள்ள துரு பிடிக்கும்," என்றார் முசே.

"ரொப்பி வெச்சா நாலு மாசத்துல பெட்ரோல் கெட்டு கோந்தாப் பூடும் முசே."

"பட்டாளத்துல, எங்க ரெஜிமாவுல, எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"ரெஜிமாவுல படுக்கற ரூம்லயா வண்டி வெச்சிருந்தாங்க?"

முசே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் மணி நேரம் இருவரும் நேராகப் பேசவில்லை. என் மூலமாகப் பேசினார்கள். நான் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் ரப்பர் குழாயுமாக நடுவில் நின்றேன். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சுவத்துக்கு அந்தாண்ட கேஸ் அடுப்பு எரியுது. இந்த ரூம்ல ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. ரெஜிமா சொன்னாலும் சரி, மில்லு சொன்னாலும் சரி," என்றேன். சந்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோலை முழுவதும் இறக்கி, டாங்குக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குலுக்கிப் படிய வைத்தேன். இருவருமே தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

வண்டியை மறுபடி அறைக்குள் கொண்டுவந்தேன். அடுத்தது எஞ்சினுக்குள் எண்ணெய். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெதுவாக உதைத்தால் உள்ளே சுற்றிலும் பரவும், துரு பிடிக்காது.

"ரெண்டு கரண்டி விடு," என்றார் என் கணவர்.

அவர் சொன்னது தேக்கரண்டி. நான் சமையலறையிலிருந்து எடுத்து வந்தது சாம்பார்க் கரண்டி. கணக்காக இரண்டு விட்டேன். எண்ணெய் சரியாகப் போகிறதா என்று பார்க்க முசே நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். என் கணவர் சுவரை விட்டுத் தலையை நீட்டினார்.

"இப்ப ஒரு உதை," என்றார்.

ஒரே உதையில் கிளப்பியவள் என்ற பெயர் இருக்கிறதே, மெதுவாக உதைக்க மறந்துவிட்டேன். பிளக் துளையிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. எண்பது வயது முசே பூனை மாதிரித் துள்ளி நகர்ந்தும் பாதிச் சட்டை போயிற்று. என் கணவரால் நகர முடியாது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மீசைக்கு எண்ணெய் வழிந்தது. மீதி சுவரில்.

என் கையிலிருந்த கரண்டியிலிருந்து ஒரு சொட்டு பாயில் விழுந்தது.

"கரண்டியக் காட்டு," என்றார் என் கணவர், கண்ணைத் திறக்காமல்.

காட்டினேன், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். முதலில் முசேதான் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு என் கணவரும். சிரித்தால் இடுப்பில் பிடிக்க, "ஐயோ, சிரிக்க வெக்காத, ஐயோ," என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். துண்டை நனைத்து இருவர் முகத்தையும் துடைத்துவிட்டேன். துடைக்கும்போதுதான் என் கணவர் மனதில் இருந்தது வெளியே வந்தது.

"மூணு வருசம் முசே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க ஓட்டின மாதிரி நான் ஓட்டிக் காட்டணும்னு இருந்தேன். குடுத்து வெக்கல."

முசே துண்டை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

"நான் ஓட்டல," என்றார்.

"இன்னாது?"

"நான் இந்த வண்டிய ஓட்னதே இல்ல. எனக்கு வராது. மொத நாளே சர்ச் மதில்ல முட்டிட்டேன். ஓட்டினது என் ஃபாம். என் சம்சாரம். பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா இல்ல? டெய்லி இதுலதான் போவா. புடவதான் கட்டுவா. நான் லீவுல வந்தா பின்னாடி உக்காந்துட்டுப் போவேன்."

என் கணவர் எண்ணெய் மீசையோடு அவரைப் பார்த்தார். "விழுப்புரத்துக்கு அரை மணி?"

"அவதான் போனா. அரை மணி இல்ல. முக்கா மணி இருக்கும்."

"கைய விட்டுட்டு சிகரெட்டு?"

"பின்னாடி உக்காந்து நான் பத்த வெச்சேன். கைய விட்டுட்டுத்தான் பத்த வெச்சேன், அது பொய் இல்ல."

அவள் போன பிறகு வண்டியைப் பார்க்கப் பிடிக்காமல் கொய்யா மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியதாகச் சொன்னார். என் கணவர் ஆசை ஆசையாகக் கேட்கவும், இல்லை என்று சொல்ல மனம் வரவில்லையாம். ஒரு கதை சொன்னதும் அடுத்த நாள் இன்னொன்று தேவைப்பட்டதாம்.

"ஞாயித்துக்கெழம மதாம் ஒரு ஒதையில கெளப்பினதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதான் ஓடி வந்தேன். பிரேக்குக்காவ மட்டும் இல்ல," என்றார். பிறகு எழுந்து போய், என் தையல் மெஷினை மாடிப்படிக்குக் கீழே தள்ள ஆரம்பித்தார். அவரைத் தடுத்துவிட்டு நானே தள்ளினேன். மூன்று வருடம் கேட்ட கதைகளையெல்லாம் என் கணவர் பாயில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு முசே போகும்போது, "அவங்க வேற எங்கெல்லாம் போவாங்க முசே?" என்று மட்டும் கேட்டார். முசே மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று பேருக்கும் டீ போட்டேன்.

பழைய ஜன்னல் திரையில் வண்டிக்கு ஓர் உறை தைத்தேன். பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்குமாம். பூப்போட்ட திரை. படுக்கையறையில் யாரோ போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் அறைக்குள் போய்விட்டு வந்து, "உள்ள யாரு அண்ணி?" என்று மெல்லக் கேட்டாள். மழை நாட்களில் துணி காயாதபோது கைப்பிடியில் துண்டு காயவைத்தேன். என் கணவர் ஆட்சேபித்தார். பிறகு அவருடைய கைலியும் அங்கேயே காய்ந்தது. விடியற்காலையில் எழும்போதெல்லாம் கால் கட்டைவிரல் ஸ்டாண்டில் இடிக்கும். கார்த்திகை முழுவதும் என் நாள் அப்படித்தான் தொடங்கியது.

தை பிறந்து, பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று வண்டியை வெளியே எடுத்தோம். அவர் இடுப்பு சரியாகியிருந்தது. பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு, எனக்கு நிறுத்துவதை ஒன்றுக்குப் பத்து முறை சொல்லித் தந்தார். ஆனால் ஓட்டக் கொடுக்கவில்லை. "உன்ன நானே காலாப்பட்டுல எறக்கி வுடறேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டும் வரேன்," என்றார்.

ஏழாவது உதையில் கிளம்பியது. எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டேன். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். ஈ.சி.ஆரில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் போகவில்லை. பின்னால் ஒரு சென்னை பஸ் ஹாரனை அழுத்தியபடியே வெகுதூரம் வந்தது. கல்லூரி வாசலில் இறங்கியபோது உடன் வேலை செய்பவர்கள் படியில் நின்று பார்த்தார்கள். அவர் கையை ஆட்டிவிட்டு, தேவையில்லாமல் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் வந்தது.

"வந்துட்டிருக்கேன். வண்டி கொஞ்சம் நின்னுட்டுது. சின்ன விஷயந்தான். நீ பஸ்ல வந்துடு."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில், பார்த்துவிட்டேன். வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் டீ கிளாசோடு குனிந்து கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் என் கணவர், சட்டைக் கையை மடித்துவிட்டு, எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நடத்துநர், "எறங்கணுமாம்மா?" என்றார், நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு.

"இல்லங்க," என்றேன். "போலாம்."